தாகத்துக்குத் துறைகள் இல்லை: கான்சாபுரத்திலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

மேற்கே மலை, கிழக்கே கரிசல். இரண்டுக்கும் இடைப்பட்ட மண்ணில் எங்கள் வாழ்வு. ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு வரை நீளும் இந்த அடிவாரத்தில், கான்சாபுரத்தை மையமாகக் கொண்டு ஒன்றுகூடியிருக்கிறோம். கிடை போடுவோரும் மாடு வளர்ப்போரும், நஞ்சை உழுவோரும் தோப்புக் காப்போரும் எங்களில் உண்டு. மலையின் மடியில் வாழும் பளியர் மக்களும் எங்களோடு சமமாக அமர வேண்டியவர்கள். காட்டுயிர்கள் எந்தக் கூட்டத்திலும் கையுயர்த்தப் போவதில்லை. அவற்றின் பங்கை எங்கள் பொறுப்பாக ஏற்றே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

வறட்சி ஒன்றே. மந்தையை வாட்டுவதும் பயிரைக் கருக்குவதும் யானையைத் தோப்புக்குள் இறக்குவதும் அதே வறட்சிதான். அதைக் கூறுபோட்டது ஆட்சிமுறை. ஆட்டின் தாகத்தைக் கால்நடைத் துறையிடமும், நெல்லின் தாகத்தை வேளாண் துறையிடமும், மிளாவின் தாகத்தை வனத்துறையிடமும் அது ஒப்படைத்தது. கண்மாய் ஒரு கோப்பில் கிடந்தது, கண்மாய்க்கு வரும் ஓடை வேறொரு கோப்பில் கிடந்தது. இந்தப் பிரிவினையை நாங்கள் ஏற்கவில்லை. தாகத்துக்குத் துறைகள் இல்லை. நீருக்கும் துறைகள் இல்லை.

இந்த நிலத்தின் இயல்பை அறிந்தவர்களாகப் பேசுகிறோம். தென்மேற்குப் பருவமழை மலையின் மறுபக்கத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. எங்கள் பக்கத்துக்குச் சாரலும் காற்றும் மிஞ்சுகின்றன. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையில் ஏறக்குறையப் பாதியை ஐப்பசியும் கார்த்திகையும் தர வேண்டும். அந்த இரண்டு மாதங்கள் பெய்தால் பிளவக்கல்லின் பெரியாறு, கோவிலாறு அணைகள் நிரம்புகின்றன. ஓடைகள் உயிர்பெறுகின்றன, ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை நிறைக்கிறது, அர்ச்சுனா நதி வைப்பாற்றைத் தேடிப் போகிறது. பொய்த்தால் இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அறுகின்றன.

அறுபடும் வரிசையை எங்கள் கிராமங்கள் மனப்பாடமாக அறியும். முதலில் மலைச்சரிவின் ஊற்றுகள் சுருங்குகின்றன. மிளாவும் காட்டெருமையும் தாழ்வான சுனைகளை நோக்கி இறங்குகின்றன. அடுத்து மடை திறக்கப்படாத நஞ்சை நடவின்றிக் கிடக்கிறது. நடவு இல்லையேல் அறுவடை இல்லை. அறுவடை இல்லையேல் வைக்கோலும் இல்லை, தாளடியும் இல்லை. தாளடி இல்லாத வயலில் கிடை அமர்த்த எவரும் அழைப்பதில்லை. கிடையை நடத்தும் கீதாரிக்குக் கிடைக்கூலி இல்லாமல் போகிறது. விவசாயிக்கு ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் தந்த உரம் இல்லாமல் போகிறது. ஒருவர் இழப்பு மற்றவர் இழப்பாக மாறும் இந்த இடத்தைத்தான் எந்த அறிக்கையும் கணக்கில் கொள்வதில்லை. பிறகு தென்னையில் குரும்பை உதிர்கிறது. ஒரு தோப்பின் போர் வற்றியதும் பக்கத்துத் தோப்பு இன்னும் ஆழத்துக்குத் துளையிடுகிறது. அந்தப் போட்டியில் வென்றவரும் தோற்றவரும் ஒரே வறண்ட பாறையில் போய் நிற்கிறார்கள். கடைசியில் மந்தை புல் தேடி மலையடிக்குப் போகிறது, யானை நீர் தேடி மலையடிக்கு வருகிறது. நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் குடிக்க வேண்டிய உடல் அது. மேய்ப்பவரும் உழுபவரும் காட்டுயிரும் ஒரே குட்டையின் கரையில் எதிரெதிரே நிற்கும் நிலை அப்போது உருவாகிறது. அதற்கு மனித விலங்கு மோதல் என்று பெயர் சூட்டினார்கள். நாங்கள் அதைப் பற்றாக்குறையின் நெரிசல் என்கிறோம்.

2016-இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்று நிவாரணம் வகுக்கப்பட்டது. அந்தத் தொகையின் அளவைப் பற்றிப் பேசுவோர் பலர். நாங்கள் பேசுவது அதன் அளவுகோலைப் பற்றி. நிவாரணம் ஏக்கரால் அளக்கப்படும்போது, கிடைக்கு ஏக்கர் இல்லை. பட்டாவால் உறுதி செய்யப்படும்போது, வாரத்துக்கு உழுபவரிடம் பட்டா இல்லை. மெலிந்து விழும் மலைமாட்டையும் எட்டயபுரம் சந்தையில் பாதி விலைக்கு இறக்கப்படும் ஆட்டையும் அந்தக் கணக்கு காணவே இல்லை. காட்டுக்குள் செத்த உயிரைக் காண அதற்குக் கண்ணே வாய்க்கவில்லை.

இந்த அளவுகோலின் வேர் நெடியது. தாது வருடப் பஞ்சம் என்று எங்கள் முன்னோர் தலைமுறைகளுக்குச் சொல்லி வைத்த 1876–78-இன் பேரழிவுக்குப் பிறகு, காலனி அரசு பஞ்சத்தை நிர்வகிக்க ஆணையம் அமைத்தது, விதித்தொகுப்பு எழுதியது. அதே காலத்தில், 1882-இல், சென்னை மாகாண வனச்சட்டத்தையும் இயற்றியது. ஒரு கையால் பஞ்சத்துக்குக் கஞ்சித் தொட்டி வைத்தவர்கள், மறு கையால் பஞ்சகாலத்தில் மாடும் மனிதரும் ஒதுங்கிய காட்டுக்கு வேலி போட்டார்கள். பஞ்சம் ஒரு நிகழ்ச்சி, அது ஆணையால் தொடங்கி ஆணையால் முடியும் என்ற எண்ணமும், காடு ஒரு சொத்து, வயல் இன்னொரு சொத்து என்ற எண்ணமும் அன்று ஒன்றாகப் பிறந்தன. விடுதலைக்குப் பிந்தைய ஆட்சி அந்த எண்ணங்களைக் கொடி மாற்றிக் காப்பாற்றியது. அவற்றின் காலம் முடிந்தது. முடிந்ததை வாதாடி நிறுவும் தேவை எங்களுக்கு இல்லை.

வறட்சி இந்த நிலத்தின் இயல்பு என்பதே எங்கள் முதற் கொள்கை. ஆகவே வறட்சிக்கான ஆயத்தம் நல்ல மழை பெய்த ஆண்டில் தொடங்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், அந்த வெள்ளத்தில் தென்மாவட்டங்களின் கண்மாய்கள் உடைந்ததையும் கண்டோம். வெள்ளமும் வறட்சியும் எதிரெதிரானவை என்ற பாடம் அன்றோடு பொய்த்தது. நீரை நிறுத்தத் தெரியாத நிலம் இரண்டுக்கும் இரையாகும்.

அதனால் கண்மாயே எங்கள் முதல் அரசியல். மலையின் மறுபக்கத்து நீரைக் காட்டி எங்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். பம்பா, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் நீரை வைப்பாற்றுப் படுகைக்குத் திருப்பும் திட்டத்துக்கு 1995-இல் சாத்தியக்கூறு அறிக்கை வந்தது. கேரளம் மறுத்தது, திட்டம் தாளில் நின்றது. அழகர் அணைக் கோரிக்கையும் இவ்வட்டாரத்தில் எத்தனையோ தேர்தல்களைக் கண்டுவிட்டது. அந்தக் கோரிக்கைகளை எழுப்பிய பெரியவர்களின் உழைப்பை மதிக்கிறோம். அவர்கள் காத்திருந்த காத்திருப்பைத் தொடர மறுக்கிறோம். வராத ஆற்றுக்காக ஏங்கிய தலைமுறைகளில் வந்த ஓடைகள் தூர்ந்தன. வரத்துக்கால் மீது வீடும் தோப்பும் ஏறின, மடைத்தூம்பு சிதைந்தது, நீர்க்கட்டியின் பதவி மறைந்தது. ஒரு கண்மாயின் நீரைக் கடைமடை வரை நேர்மையாகப் பங்கிடத் தெரிந்த அந்த மனிதரை இழந்ததே இந்த அடிவாரம் இழந்தவற்றில் பெரியது என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஊரார் கூடிக் கண்மாயைப் பேணும் குடிமராமத்து என்ற பழைய பெயரை 2017-இல் அரசு மீட்டெடுத்தது. பெயருக்குள் இருந்த ‘குடி’யை மீட்பது எங்கள் கடமை. ஒப்பந்தப் பணியாக வந்த தூர்வாரலை மக்கள் அதிகாரமாக மாற்றுவோம். ஒவ்வொரு கண்மாய்க்கும் நீர்க்கட்டியை ஊரே தேர்ந்தெடுக்கும், ஊரே ஊதியம் தரும். கண்மாயில் கடைசியாக எஞ்சும் நீர் பயிருக்குப் போகாது, ஆடுமாட்டுக்கும் பறவைக்கும் நிற்கும். இந்தக் கடைசி விதிக்கு எங்கள் விவசாயிகளே முதலில் கை தூக்க வேண்டும் என்று கேட்கிறோம். அது எளிய வேண்டுகோள் இல்லை என்பதை அறிவோம். கருகும் நாற்றுக்கு முன்னால் நின்று அதைக் கடைப்பிடிக்கும் மனவலிமையே இந்த இயக்கத்தின் அளவு.

மேய்ச்சல் ஓர் உரிமை என்பது எங்கள் இரண்டாம் கொள்கை. மேய்க்கால் புறம்போக்கும் மந்தைவெளியும் வருவாய்ப் பதிவேடுகளில் இன்றும் எழுத்தாக இருக்கின்றன. தரையில் அவை கட்டடங்களாகவும் முள்காடாகவும் மாறிவிட்டன. எழுத்தைத் தரைக்கு இறக்குவோம். சீமைக் கருவேலத்தின் மீதான எங்கள் நிலைப்பாடும் இங்கிருந்தே எழுகிறது. கண்மாயின் வயிற்றையும் மேய்ச்சல் வெளியையும் அது விழுங்கியது உண்மை. அதன் நெற்றைத் தின்று ஆடுகள் கோடையைக் கடந்ததும் உண்மை, அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பல குடும்பங்கள் உலை வைத்ததும் உண்மை. ஆகவே நீதிமன்ற ஆணை வந்தவுடன் இயந்திரம் இறக்கி வேரறுத்துவிட்டு வெற்றுத்தரையைக் கைவிடும் வழியை ஏற்க மாட்டோம். நாட்டுக் கருவேலமும் வெள்வேலும் வன்னியும் தலையெடுக்கும் அளவுக்கு ஏற்ப, பகுதி பகுதியாக அதை அகற்றுவோம். அகற்றும் வேலையும் அதன் கரியும் அந்தந்த ஊர்க் குடும்பங்களுக்கே சேரும்.

காட்டைப் பற்றித் தயக்கமின்றிப் பேசுகிறோம். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் திருவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து 1,016 சதுர கிலோமீட்டர் பரப்பில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டின் 51-ஆவது காப்பகம் அது. அந்த அறிவிப்புகளை எங்கள் பெருமையாகவே கொள்கிறோம். வைகையின் ஊற்றுக்கண்ணும் எங்கள் ஓடைகளின் தாய்மடியும் அந்தக் காடுதான். மண்ணில் அரிதாகவே இறங்கும் அந்த அணில் ஓடைக்கரை மரங்களின் உச்சிக்கொம்புகள் ஒன்றோடொன்று தொட்டு நிற்பதை நம்பி வாழ்கிறது. கொம்புகள் விலகும் அளவுக்கு ஓடைக்கரை உலர்ந்தால், கீழே எங்கள் வயலுக்கும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். வரையாடு நிற்கும் உச்சிப் புல்வெளியில் தேங்கும் ஈரமே கான்சாபுரத்துக் கிணற்றின் ஊற்று. காட்டைக் காப்பது காட்டுக்குச் செய்யும் தயவன்று. அது நஞ்சையின் நலம்.

ஆனால் காப்பது என்பதை விலக்குவது என்று பொருள் கொண்டது பழைய ஒழுங்கு. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் வனப்பகுதிகளில் மாடு மேய்ப்பதைத் தடை செய்தது. பின்னர் அந்தத் தடையைப் புலிகள் காப்பகங்களுக்கும் சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் உரியதாகச் சுருக்கியது. சுருக்கத்துக்குப் பிறகும் எங்கள் மலை முழுவதும் அந்த வரம்புக்குள் நிற்கிறது. நாடாளுமன்றம் 2006-இல் இயற்றிய வன உரிமைச் சட்டமோ, நிலையாக மேய்ப்போர்க்கும் பருவந்தோறும் இடம்பெயர்ந்து மேய்ப்போர்க்கும் மேய்ச்சல் உரிமையைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறது. ஒரு கதவில் தடை, ஒரு கதவில் உரிமை. நடுவில் நிற்கிறது மலைமாடு. எங்கள் நிலைப்பாடு இது. புலியின் உள்வட்டத்தை மதிக்கிறோம், அங்கே மந்தையை ஓட்ட மாட்டோம். வெளிவட்டத்தில், கிராம சபையின் தீர்மானத்தோடும் பருவத்தின் ஒழுங்கோடும், புல் தாங்கும் எண்ணிக்கையில், உரிமையோடு மேய்ப்போம். மேய்ந்த சரிவில் காய்ந்த புல் குறைந்து தீயின் வேகம் தணிவதை மேய்ப்பவர் அறிவார். தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச்சில் எரிந்த தீ உயிர்களைக் குடித்தபோது இந்த அறிவை எவரும் கேட்கவில்லை. இனி கேட்கப்பட வேண்டும். மலையின் ஒவ்வொரு சுனையையும் அது வற்றும் மாதத்தையும் பளியர் பெரியவர்கள் சொல்வார்கள். காப்பகத்தின் நீர்த்திட்டம் அவர்கள் சொல்லில் இருந்தே தொடங்க வேண்டும்.

நாங்கள் மறுப்பவை தெளிவானவை. தோப்பைச் சுற்றிக் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியை மறுக்கிறோம். யானை ஒன்றைக் கொன்ற கம்பி கூலியாளையும் கொல்லும், குழந்தையையும் கொல்லும். விஷம் வைத்த இரையை மறுக்கிறோம், வெடி பொதிந்த பழத்தை மறுக்கிறோம். அதே குரலில், ஓர் இரவில் பத்துத் தென்னைகளை இழந்தவரைப் பொறுத்துக்கொள் என்று உபதேசிக்கும் இரக்கத்தையும் மறுக்கிறோம். நட்ட தென்னை பாளை விட ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதற்குரிய இழப்பீடும் அந்த ஐந்தாறு ஆண்டுகளின் வருமானத்தைப் பேச வேண்டும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்க்கும் ராஜபாளையத்து மாந்தோப்புக்கும் அதே நீதி வேண்டும். காட்டுயிரைச் சகித்து வாழும் அடிவாரக் குடும்பம் நாட்டுக்கே ஒரு சேவை செய்கிறது. சேவைக்குரிய மதிப்பையே கேட்கிறோம், பரிவை அல்ல.

வறட்சியைத் தொழிலால் வென்றுவிட்டோம் என்ற கதையையும் மறுக்கிறோம். மானாவாரியை நம்ப முடியாத மண்ணில்தான் சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும், ராஜபாளையத்தின் நூற்பாலையும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணியும் வேர்விட்டன. அந்தத் தொழில்களை எழுப்பியவர்களின் துணிவு பெரிது. என்றாலும் மழை பொய்த்த ஆண்டில் ஏர் பிடித்த கை வெடிமருந்து பிசையப் போவதை விருப்பமான தேர்வு என்று எவரும் சொல்ல வேண்டாம். ஆலைக்கும் பட்டறைக்கும் போகும் பெண், போவதற்கு முன் விடியற்காலையில் குடத்தோடு குழாயடியில் நின்றவள். வந்த பின் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுபவளும் அவள்தான். வறட்சியின் முழுச் சுமையையும் ஏற்றவளுக்குப் பட்டாவில் பெயர் இல்லை, பாசன சங்கத்தில் இடம் இல்லை. இந்த இயக்கத்தின் எல்லா நிலைகளிலும் பாதி இடம் பெண்களுக்குரியது.

நாங்கள் தனித்து நிற்கவில்லை. கென்யாவில் பருவமழை தொடர்ந்து பொய்த்து, நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி படர்ந்தபோது, 2022-இல் ஒன்பது மாதங்களுக்குள் 205 யானைகள் மடிந்ததாக அந்நாட்டு அரசே அறிவித்தது. அதே வறட்சி அங்கே மேய்ச்சல் மக்களின் கால்நடைகளை இலட்சக்கணக்கில் பறித்தது. மந்தையும் யானையும் ஒரே உலர்ந்த ஆற்றுப்படுகையில் விழுந்த அந்தக் காட்சி, எங்கள் அடிவாரத்தின் நாளையைப் பெரிதாக்கிக் காட்டிய கண்ணாடி. அதே 2022-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. மேய்ச்சலைப் பின்தங்கிய பிழைப்பு என்று ஒதுக்கிய நூற்றாண்டு கடந்துவிட்டது. மேய்ச்சலை வறண்ட நிலத்தின் அறிவியல் என்று ஏற்கும் நூற்றாண்டு தொடங்கிவிட்டது. இராமநாதபுரம் சீமையின் கீதாரியும் மங்கோலியப் புல்வெளியின் இடையரும் இனி ஒரே வரலாற்றின் பங்காளிகள்.

வரலாறு எங்கள் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும்போது அது தானாகத் திரும்பும் என்று நாங்கள் எண்ணவில்லை. ஆகவே எங்கள் முதல் வேலையை இங்கேயே அறிவிக்கிறோம். வரும் ஐப்பசிக்கு முன், மலையடி ஓடையிலிருந்து எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரும் வரத்துக்காலை அடி முதல் முடி வரை நடந்து அளப்போம். தூர்ந்த இடத்தையும் மறிக்கப்பட்ட இடத்தையும் பெயரோடும் புல எண்ணோடும் எழுதி, கிராம சபையில் வைப்போம். கூடவே ஓர் ஊர்ப் பதிவேடு திறப்போம். அதில் பட்டாதாரரோடு வாரதாரரும், மாட்டோடு ஆட்டுக்கிடையும், போரின் ஆழத்தோடு காட்டுச்சுனையின் நீர்மட்டமும், இறங்கி வந்த யானையின் தடமும் ஒரே பக்கத்தில் இடம்பெறும். அடுத்த வறட்சி அறிவிக்கப்படும் நாளில் அந்தப் பக்கத்தை மாவட்ட ஆட்சியரின் மேசையில் வைத்து, அதன்படி நிவாரணம் கேட்போம். மண்வெட்டி உள்ளவர் மண்வெட்டியோடு வரட்டும். அளவை தெரிந்த இளைஞர் சங்கிலியும் கைபேசியும் கொண்டு வரட்டும். கிடை வழியில் இருக்கும் கீதாரிகள், கடந்து வந்த ஓடைகளில் எதில் நீர் இருந்தது என்ற செய்தியை அனுப்பி வைக்கட்டும். வத்திராயிருப்பு, கூமாபட்டி, மம்சாபுரம், சேத்தூர் என்று அடிவாரத்தின் எந்த ஊரும் தன் கண்மாயில் இந்த வேலையைத் தொடங்கலாம். எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, பதிவேட்டின் ஒரு படியை மட்டும் கான்சாபுரத்துக்கு அனுப்பினால் போதும்.